பட்டினிக்குச் சாட்சி

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சொல்வார்கள். நான் வயிற்றை ஒழுங்காகத்தான் கட்டினேன். வாயைக் கட்டத் தவறியதில் என் தங்கை கோமதியின் உயிர் ஊசலாட வேண்டியதாயிற்று.

செங்கல்பட்டைத் தாண்டி ஓர் ஏரிக்கரையில் இருந்தது அந்த மையம். எனக்குக் கொடுத்த அறையில் ஒரு கட்டில், ஒரு குடம் தண்ணீர், கொஞ்சம் உப்பு, திறக்க முடியாத ஜன்னல். கதவுக்கு மேலே குன்றிமணி அளவில் ஒரு பச்சை விளக்கு. வேறு ஒன்றும் இல்லை. மூன்று மாடி தள்ளி மேலே கோமதி படுத்திருந்தாள். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் போகும்போதெல்லாம் அதன் கதவுப் பட்டை தேய்ந்துபோய்க் கீச்சிடுவது எனக்குக் கேட்கும். ஏறினால் அரை நிமிடத்தில் தங்கையைப் பார்த்துவிடலாம். ஆனால் ரத்தம் எடுக்கும்வரை யாரையும் பார்க்கக் கூடாது என்பது விதி.

முதல் நாள் காலை டாக்டர் ஷாஹிதா கதவருகே நின்றபடியே விளக்கினார்.

"வீட்ல தினம் குப்பை சேர்ற மாதிரி உடம்புலயும் சேரும் சார். வேளாவேளைக்குச் சோறு வந்துட்டே இருந்தா உடம்பு அதைக் கண்டுக்காது. ரெண்டு மூணு நாள் சோறு வரலைன்னாதான், உள்ள என்ன கிடக்குன்னு தேட ஆரம்பிக்கும். உடைஞ்சது, பழசு எல்லாத்தையும் எடுத்து அடுப்புல போடும். உங்க தங்கச்சி உடம்பு அந்த வேலையையே மறந்துடுச்சு."

"அப்ப அவளையே பட்டினி போடலாமே?"

"தாங்க மாட்டாங்க. குழாய் வழியாப் போற சாப்பாட்டுலதான் உயிர் நிக்குது. அதனாலதான் நீங்க. உங்க உடம்புல அந்த வேலை மும்முரமா நடக்குறப்ப ரத்தத்தை எடுத்து அவங்களுக்கு ஏத்துவோம். அது போய் அந்த உடம்புக்கு வேலையை ஞாபகப்படுத்தும். கூடப்பிறந்தவங்க ரத்தம்தான் சேரும்."

இதற்கு மாற்றுப் பட்டினி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் பட்டினி கிடக்க, பலன் இன்னொருத்தருக்கு. நம் ஊர்ப் பெண்கள் புருஷனுக்கும் பிள்ளைக்கும் காலங்காலமாகச் செய்துவரும் காரியம்தான். விஞ்ஞானிகளுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"ஒரு வாய் உள்ள போனாலும் மறுபடி முதல்லேர்ந்துதான்," என்றார் டாக்டர். "அதுக்கு உங்க தங்கச்சிக்கு நாள் இல்லை. அதனால சாட்சி உங்ககூடவே இருக்கும்."

சாட்சி என்பது அந்தப் பச்சை விளக்குதான். என் தோளில் ஒட்டிய வில்லை வழியாக ரத்தத்தைப் படித்துக்கொண்டிருக்கும். பார்க்கும், கேட்கும், பேசவும் பேசும். வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் ஒரு பெண் குரல். கொடையாளர் நம்பிராஜன் என்று முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அறையில் எனக்குப் பேச்சுத்துணை அது ஒன்றுதான். வெளியிலும் எனக்குப் பெரிய கூட்டம் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. மடிப்பாக்கத்தில் ஒற்றை அறை. வேலை முடிந்து வந்தால் பேசுவதற்குச் சுவர்தான்.

தினமும் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிற ஒரே ஆள் அப்பா. ஆவுடையப்பன், அம்பாசமுத்திரம். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். பஸ்கள் தாமே ஓடத் தொடங்கிய வருடம் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து இயந்திரம் என்றாலே அவருக்கு ஆகாது. அம்மா போனபின் தனியாகத்தான் இருக்கிறார். சாயங்காலச் செய்தி முடிந்ததும் கூப்பிடுவார். "ஏல நம்பி, சாப்ட்டியா?" என்பார். "ஆச்சுப்பா" என்பேன். "என்ன கொழம்பு?" என்பார். வழியோர ஓட்டல்களிலேயே பாதி ஆயுள் சாப்பிட்டவர் அல்லவா, ஊர்களையே குழம்பை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பார். நான் ஏதோ ஒரு குழம்பைச் சொல்வேன். "சரி, வைக்கேன்" என்று வைத்துவிடுவார். எங்களுக்குள் மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

முன்பு அப்படி இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் கோமதி, தன்னோடு வேலை பார்த்த ஜெயசிங்கைக் கட்டிக்கொண்டு போனாள். வேற்றுச் சாதி, வேற்று மதம். அன்று அப்பா என்னிடம் சொன்னார்: "அவ பேர இனி எடுத்தேன்னா எனக்கு நீயும் இல்லல." நான் எடுக்கவில்லை. ஆனால் கோமதி என்னிடம் பேசும்போதெல்லாம் கடைசியில் ஒன்று கேட்பாள். "அண்ணே, அப்பா என்னப் பத்திக் கேட்டாவளா?" நானும் ஒவ்வொரு தடவையும் "கேட்டாரு" என்பேன். அவளும் நம்புகிற மாதிரி "சரிண்ணே" என்பாள்.

அவளுக்கு உடம்பு சரியில்லை என்பது அப்பாவுக்குத் தெரியாது. மையத்தில் என் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டபோது, அப்பாவின் அழைப்பை மட்டும் அறைக்குள் இருக்கும் ஒலிபெருக்கிக்கு மாற்றித்தரச் சொன்னேன். ஒரு நாள் குரல் கேட்காவிட்டால் மறுநாளே புறப்பட்டு வந்து நிற்பார்.

முதல் நாள் சுலபமாகத்தான் போனது. காபி இல்லாத தலைவலி மட்டும். வயிறு கடிகாரத்தைப் பார்த்துக் கத்தியது. இட்லி நேரத்துக்கு ஒருமுறை, மத்தியானச் சோற்று நேரத்துக்கு ஒருமுறை. கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தானே அடங்கியது.

"இது உண்மையான தேவை அல்ல," என்றது சாட்சி. "வழக்கமான நேரத்தில் உணவு வரும் என்று உடல் எதிர்பார்க்கிறது. தங்கள் ஈரலில் சேமித்த சர்க்கரை இன்னும் இருக்கிறது. நாளைக் காலைக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்."

"தீர்ந்தா?"

"கொழுப்பை எரிக்கத் தொடங்கும். தங்களிடம் போதிய இருப்பு இருக்கிறது."

தொப்பையைச் சொல்கிறது என்று புரிந்தது. அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட்டியா என்றார். "இனிமேதாம்ப்பா" என்றேன். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. வைத்துவிட்டார்.

இரண்டாம் நாள்தான் நரகம். கை கால் சில்லிட்டுப்போனது. போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். காரணமே இல்லாமல் கோபம் வந்தது. தண்ணீர்க் குடத்தின் மேல் கோபம், டாக்டர் மேல் கோபம், உப்பைப் போட்டுக் குடிக்கச் சொன்ன சாட்சியின் மேல் கோபம். கட்டிலைவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டியது. வாயில் அழுகத் தொடங்கிய பழத்தின் நாற்றம். எனக்கே முகம் சுளித்தது.

"பாத்ரூம்லேர்ந்து வர்றதுக்குள்ள நாலு தடவை சுவரைப் பிடிக்கிறேன். செத்துருவேனா?"

"இல்லை. உடல் எரிபொருளை மாற்றிக்கொண்டிருக்கிறது. பழையது தீர்ந்துவிட்டது, புதியது இன்னும் முழுதாகப் பற்றிக்கொள்ளவில்லை. வாயில் வரும் வாசனை கொழுப்பு எரிவதன் அறிகுறி. நல்ல செய்தி."

"தொப்பை கொறைஞ்சிருக்கே, எடையும் நல்லா எறங்கியிருக்குமோ?"

"பெரும்பகுதி வெறும் தண்ணீர். மகிழ வேண்டாம்."

சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்துச் சொதி, அம்மா வைக்கும் புளிக்குழம்பு, யாரோ தட்டில் மீதி வைத்துவிட்டுப் போன பரோட்டா. ஜென்மத்தில் நான் தொடாத பருப்புக் குழம்புகூட மூக்குக்குள் வந்து மணத்தது. கீழே யாருக்கோ சமைக்கிறார்களோ என்று ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். ஏரியும் ஒரு கொக்கும்தான் தெரிந்தன. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எனக்கு மானம் முதலில் பறந்தது. உட்கார்ந்து அழுதேன். பசிக்காகவா, மேலே இருப்பவளுக்காகவா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். அழும்போது தோளில் கை வைக்க ஓர் ஆள் இல்லையே என்றுதான் அதிகம் அழுதேன்.

அன்றும் அப்பாவிடம் "இனிமேதான்" என்றேன். "நேரத்துக்குத் தின்னுல," என்று அதட்டிவிட்டு வைத்தார்.

மூன்றாம் நாள் அதிசயமாகப் பசி விலகிவிட்டது. கத்திக் கத்தி அலுத்துப்போன குழந்தை தூங்கிவிடுவதுபோல் வயிறு சும்மா கிடந்தது. உடம்பு லேசாக இருந்தது, தலை தெளிவாக இருந்தது. லிஃப்டின் கீச்சொலியில் எந்தத் தளம் என்றுகூடச் சொல்ல முடிந்தது. மறுநாள் காலை ரத்தம் எடுப்பார்கள். ஜெயிச்சாச்சு என்று நினைத்தேன். ஆள் அசந்துபோவது அப்போதுதான்.

சாயங்காலம் அப்பாவின் குரல் அறையில் ஒலித்தது.

"ஏல, இன்னைக்காது சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா."

"என்ன கொழம்பு?"

"பருப்புக் கொழம்பு."

"பருப்பா?" என்றார். பிறகு "சரி, வைக்கேன்," என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு மேலே விளக்கு சிவந்திருந்தது.

"கொடையாளர் நம்பிராஜன், உணவு உட்கொண்டதாகத் தாங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். கொடை ரத்தாகிறது."

"ஐயையோ! அது சும்மா சொன்னது!"

"சும்மா என்பதற்கு விளக்கம் தேவை."

"எங்க ஊர்ல சாப்ட்டியான்னு கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லணும்."

"உண்ணாதபோதுமா?"

"உண்ணாதப்பதான் முக்கியமாச் சொல்லணும். கேக்குறவங்க கவலைப்படக் கூடாது இல்ல?"

"அப்படியானால் அவர்கள் எதற்காகக் கேட்கிறார்கள்?"

நான் கதவைத் தட்டி டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் ஷாஹிதா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நான் அவர் காலில் விழாத குறை.

"ரத்தத்தைப் பாருங்க டாக்டர். ரத்தம் பொய் சொல்லுமா?"

"ரத்தம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா போன வருஷம் ஒருத்தர் ரகசியமா ரெண்டு பேரீச்சம்பழம் தின்னுட்டார். வீட்டுக்குப் போன் பண்ணினப்ப வாய் தவறி அதைச் சொல்லவும் செஞ்சார். ரத்தத்துல ஒண்ணும் தெரியலையேன்னு நாங்க விட்டுட்டோம். அவர் தம்பி டேபிள்லயே போயிட்டாரு. அதுக்கப்புறம் வந்த விதி இது. தின்னேன்னு வாய் ஒத்துக்கிட்டா, ரத்தம் வந்து காப்பாத்த முடியாது."

"அப்ப கோமதி?"

அவர் தரையைப் பார்த்தார். "ஒரு வழி இருக்கு. யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்டயே இப்ப மாத்திச் சொல்லணும். எதுக்காகப் பட்டினிங்கிற காரணத்தையும் மறைக்காமச் சொல்லணும். அவங்க நம்பணும். நம்புறேன்னு அவங்க வாயால சொல்றதைச் சாட்சி கேக்கணும்."

"எங்கப்பாகிட்ட கோமதி பேரைச் சொன்னா போனை வச்சிடுவாரு டாக்டர்."

"வச்சிட்டா நாளைக்கு ரத்தம் எடுக்க முடியாது சார்," என்றார். அவர் குரலும் உடைந்திருந்தது.

அவர் வெளியே போனபின் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். தங்கை உயிர் பெரிதா, அப்பாவின் கோபம் பெரிதா? ஆனால் எனக்கு இருந்தது அந்த ஒரு குரல்தான். "சாப்ட்டியா" என்று கேட்க இந்த உலகத்தில் வேறு நாதி இல்லை. அதையும் இழந்து, அவளையும் இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். பெற்ற மகள் பேரைப் பதினோரு வருடமாகச் சொல்லாத மனிதரிடம் அவள் உயிர் இப்போது ஒரு வார்த்தையாக மாட்டிக்கொண்டிருந்தது.

"கூப்பிடு," என்றேன் சாட்சியிடம்.

நானாக அப்பாவைக் கூப்பிட்டதே இல்லை. அதனால் எடுத்தவுடனேயே குரல் பதறியது.

"என்னல? என்ன ஆச்சு?"

"அப்பா, நான் சாப்பிடலப்பா."

"என்னது?"

"மூணு நாளாச் சாப்பிடல. தண்ணியும் உப்பும்தான்."

"ஏம்ல? வேல போச்சா?"

"இல்லப்பா."

"நேந்துக்கிட்டியா? எந்தக் கோயிலுக்கு?"

"கோயிலுக்கு இல்லப்பா." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "கோமதிக்கு."

அந்தப் பக்கம் டிவியில் மழை நிலவரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தென்மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் என்றது குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வைத்துவிடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அதற்குப் பதில் டிவி நின்றது.

வேகமாகச் சொல்லிமுடித்தேன். அவள் உடம்பு, குழாய்ச் சாப்பாடு, என் ரத்தம், எல்லாவற்றையும். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"கேட்பவர் தாம் நம்புவதைத் தெரிவிக்க வேண்டும்," என்றது சாட்சி.

"யார்ல அது, பொம்பளக் கொரலு?"

"மிஷினுப்பா."

"மிஷினுக்கு நம்ம வீட்டுப் பேச்சுல என்னல சோலி?"

"அதுதாம்ப்பா முடிவு பண்ணும். நான் சாப்ட்டேன்னு சொன்னது பொய்யின்னு நீங்க நம்பணும். நம்புதேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. சொன்னாத்தான் காலைல என் ரத்தத்த எடுப்பாவ. இல்லன்னா அவ பொழைக்க மாட்டா."

சுவருக்கு அப்பால் லிஃப்ட் ஏறி இறங்கியது. நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"பருப்புக் கொழம்புன்னியே," என்றார் கடைசியில்.

"ஆமாப்பா."

"உனக்கு எந்தக் காலத்துலல பருப்பு எறங்கிச்சு? ஒங்கம்ம மடில வச்சு ஊட்டுனாலே மூஞ்சில துப்புவ. நீ பருப்புன்ன ஒடனே எனக்குத் தெரியும், பய பொய் சொல்லுதான்னு. என்னமோ ஏதோன்னு ஒக்காந்து கெடக்கேன். சாப்ட்டேன்னு நீ சொன்னத நான் எங்கல நம்புனேன்?"

சாட்சி யோசித்தது. இயந்திரம் யோசிக்குமா என்று கேட்காதீர்கள், அந்த இடைவெளிக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

"கொடையாளரின் கூற்றைக் கேட்டவர் தொடக்கத்திலேயே நம்பவில்லை. எனவே ஒப்புதல் செல்லாது. கொடை தொடரும்."

விளக்கு பச்சையானது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சொல்லுது அது?"

"எடுத்துக்கிடுவாவப்பா. காலைல."

"ம்."

இனி "சரி, வைக்கேன்" என்பார். அதோடு என்னையும் விட்டுவிடுவார். அவள் பேரை எடுத்துவிட்டேனே. காத்திருந்தேன். அவர் வீட்டு மின்விசிறியின் கடகட சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியை இழுப்பது கேட்டது. தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"ஏல."

"சொல்லுங்கப்பா."

"அவ சாப்ட்டாளா?"

ஆச்சுப்பா என்று நாக்கின் நுனிவரை வந்தது. அவர் கவலைப்படக் கூடாதே. விளக்கைப் பார்த்தேன். பிறகு அதற்காக இல்லை, அவருக்காகவே உண்மையைச் சொன்னேன்.

"இல்லப்பா. வாயால சாப்ட்டு ரொம்ப நாளாச்சு. இனிமேதான் சாப்பிடணும்."

"சரி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ தண்ணியக் குடி. நான் இங்கனதான் இருக்கேன்," என்றார். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல் அந்த மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

காலையில் டாக்டர் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். கதவு சாத்தியதும் சாட்சி கேட்டது.

"மேல்தளத்தில் உள்ள தங்கள் சகோதரிக்குச் செய்தி ஏதேனும் உண்டா?"

"அப்பா கேட்டாருன்னு சொல்லு."

"இது உண்மைக் கூற்றா?"

"நீதானே கூட இருந்து கேட்ட?"

"ஆம்," என்றது சாட்சி. "சொல்கிறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் கீச்சிட்டுக்கொண்டு மேலே போனது.